25 தொன் என்பது எவ்வளவு?

1987 ஜூன் 4, பின்னேரம். பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து அன்ரனோவ்-32 சரக்கு விமானங்கள், மிராஜ் 2000 போர்விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து, பரசூட்டில் உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. அதற்கு முதல்நாள் படகுகளில் வந்த நிவாரணத்தை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. 'பூமாலை நடவடிக்கை' என்று பெயர். போட்டது சுமார் 25 தொன்.

அந்த நாளின் அரசியலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அந்த 25 தொன்னை நிறுத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ உலருணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,000 கிலோ, 50,000 பேருக்கு ஒரு நாள் காணும். குடாநாட்டில் அப்போது ஏழு இலட்சத்துக்கு மேல் சனம். எல்லோருக்கும் ஒரு நாள் கொடுக்க 350 தொன் வேண்டும். விமானத்துக்கு ஐந்து தொன் வீதம் 70 பறப்பு. அடுத்த நாள் இன்னொரு 70. தரைவழியாக என்றால் அன்று வந்தது முழுவதும் மூன்று லொறிக்குள் அடங்கியிருக்கும்.

ஆகவே அது சாப்பாட்டுக்காகச் செய்த காரியமாக இருக்க முடியாது. 'எங்கள் விமானம் உங்கள் வானத்துக்குள் வரும்' என்று கொழும்புக்கு எழுதிய கடிதம் அது. ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது.

நம்மிடம் விமானங்களுக்குப் பெயர்கள் தாராளம். பொம்மர், ஹெலி, சியாமாச்செட்டி, சகடை, வண்டு. சத்தத்தைக் கேட்டே இன்னது என்று சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. ஆனாலும் விமானப்படை என்றால் குண்டு போடுகிறது என்பதோடு கதை நின்றுவிடுகிறது. பார்க்கிற விமானம், சுமக்கிற விமானம், பறக்கிற விமானத்துக்கு எண்ணெய் கொடுக்கிற விமானம், காயக்காரரை ஏற்றுகிற விமானம் என்று ஒரு பெரிய வரலாறு பின்னால் கிடக்கிறது. என் கணிப்பில் முற்றுகைகளையும் போர்களையும் தீர்மானித்தது பெரும்பாலும் அந்தப் பக்கந்தான். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கூட்டல் கழித்தல் வேண்டும், அவ்வளவே.

முதலில் ஒரு பொதி எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம்.

அடியில் ஒட்டுப்பலகை. அதன்மேல் தேன்கூடு மாதிரி அறை அறையாக ஒட்டிய கடதாசி அட்டை. நிலத்தில் மோதும்போது இது நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். அட்டைக்கு மேலே சாக்குகளும் பெட்டிகளும், பாரமானது கீழே. சுற்றிவர நைலோன் வார். உச்சியில் மடித்துக் கட்டிய பரசூட். பரசூட் பையிலிருந்து இன்னொரு வார் போய், விமானத்துக்குள்ளே நீளமாக ஓடுகிற உருக்குக் கம்பியில் கொளுவியிருக்கும். பொதி வெளியே போனதும் அந்த வார் இறுகி, பையை உரித்து, பரசூட்டை விரிக்கும்.

விமானத்தின் தரையில் உருளைகள். பின்கதவைத் திறந்துவிட்டு, விமானி மூக்கை ஏழு பாகை அளவில் உயர்த்திப் பறப்பார். சமிக்ஞை விளக்கு பச்சையானதும் பொதிகளை மறித்து நிற்கும் வாரை வெட்டுவார்கள். பிறகு தள்ளத் தேவையில்லை. பொதிகள் தம் பாரத்திலேயே உருண்டு போகும். இங்கே பயப்பட வேண்டியது ஒரு பொதி நடுவழியில் இறுகி நிற்பதற்கு. முன்னால் போனவை போய்விட, மிச்சப் பாரம் வாலில் நின்றால் மூக்கு இன்னும் மேலே ஏறும், வேகம் விழும். நிலத்திலிருந்து 300 மீற்றரில் வேகத்தை இழக்கிற விமானத்துக்குத் திருத்திக்கொள்ள இடமில்லை.

எங்கே விழும் என்பது அடுத்த கேள்வி. 300 மீற்றர் உயரத்தில் விட்ட பொதி செக்கனுக்கு 7 மீற்றர் வீதம் இறங்கினால் நிலத்தைத் தொட 43 செக்கன். செக்கனுக்கு 8 மீற்றர் வீசுகிற சோளகத்தில் அது 340 மீற்றருக்கு மேல் வடகிழக்கே அள்ளுண்டு போகும். ஆகவே விழவேண்டிய இடத்துக்கு அவ்வளவு தூரம் முன்னாலேயே, காற்று வருகிற பக்கத்தில், விட வேண்டும். பொதி வெளியே வந்து பரசூட் முழுதாக விரியும்வரை விமானத்தின் வேகத்தில் முன்னால் எறியப்படுகிற தூரம் இன்னொரு கணக்கு. அதோடு பொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். 12 பொதி அரைச் செக்கன் இடைவெளியில் போனால், செக்கனுக்கு 65 மீற்றர் பறக்கிற விமானத்திலிருந்து முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே 350 மீற்றருக்கு மேல் வந்துவிடும்.

பட்டம் ஏற்றுகிறவர்களுக்கு இதில் ஒரு விசயம் சொல்லாமலே விளங்கும். கீழே நிற்கிறவரின் முகத்தில் படுகிற காற்று வேறு, எட்டுமூலைப் பட்டம் நிற்கிற உயரத்துக் காற்று வேறு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று பார்த்தால், நூல் மேலே போகப்போக ஒரு பக்கமாக வளைவது தெரியும். பொதியும் அந்த வளைவிலேதான் இறங்கும். தரையில் காற்றுமானி வைத்து அளந்த ஒரே எண்ணை நம்பிப் போட்டால் பிழைக்கும். அதனால்தான் பழைய கைகள் முதலில் ஒரு சோதனைப் பொதியைப் போட்டு, அது போகிற வழியைப் பார்த்து, அடுத்த சுற்றில் திருத்துவார்கள். எதிரி சுடுகிற இடத்தில் இரண்டாவது சுற்றுக்கு வாய்ப்பில்லை. அங்கே சிறிய பரசூட்டைக் கட்டி, செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் விழவிடுவார்கள். 12 செக்கனில் நிலம், விலகல் 100 மீற்றருக்குள். ஆனால் போத்தல், மருந்து, இயந்திரம் எதுவும் அந்த அடிக்குத் தாங்காது.

பரசூட்டே இல்லாமலும் போடலாம். அரிசி, மாவு, தீனி போன்றவற்றை ஒரு சாக்கில் தளர்வாகக் கட்டி, அதை இன்னும் பெரிய சாக்குக்குள் வைத்து, தாழப் பறந்து தள்ளிவிடுவது. விழுந்ததும் உள்சாக்கு வெடிக்கும், வெளிச்சாக்கு பிடித்துக்கொள்ளும். முழுக்க இறுக்கிக் கட்டினால் இரண்டும் சேர்ந்தே வெடிக்கும். தளர்வு விடுவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

விரியாத பரசூட் பொதியைக் குண்டாக்கிவிடும். 2024 மார்ச்சில் காசாவில் அப்படி விழுந்த பொதிகளில் ஆட்கள் செத்தார்கள். அதே மாதம் 2ஆம் திகதி மூன்று சி-130 விமானங்கள் அங்கே 66 பொதிகளில் 38,000 சாப்பாடு போட்டன. அங்கே இருபது இலட்சத்துக்கு மேல் சனம். 1987இன் கணக்கு, இடம் மட்டும் வேறு.

இந்தக் கணக்கில் முதலில் தோற்றவர்கள் பிரித்தானியர். 1916 ஏப்ரலில் மெசப்பொத்தேமியாவின் கூட் நகரில் அவர்களுடைய படையைத் துருக்கியர் சுற்றிவளைத்திருந்தபோது, சின்னஞ்சிறு விமானங்களின் அடியிலும் பக்கத்திலும் மூட்டைகளைக் கட்டிப் போய்ப் போட்டார்கள். மாவரைக்கும் கல்லைக்கூடப் பரசூட்டில் இறக்கினார்கள். சில மூட்டைகள் தைகிரிஸ் ஆற்றில் விழுந்தன, சில துருக்கியரிடம் போயின. இரண்டு கிழமையில் போட்டது மொத்தமாக எட்டு ஒன்பது தொன் அளவு. நாளொன்றுக்கே இரண்டு தொன்னுக்கு மேல் தேவைப்பட்டது. ஏப்ரல் 29இல் சரணடைந்தார்கள்.

ஸ்டாலின்கிராட்டிலும் இதே கதைதான், பெரிய எண்களில். 1942 நவம்பரில் சுற்றிவளைக்கப்பட்ட ஜேர்மனியின் 6ஆவது படைக்கு மிகக் குறைத்தாலும் நாளொன்றுக்கு 300 தொன் வேண்டியிருந்தது. யுங்கர்ஸ் 52 ஒன்று சுமந்தது இரண்டு தொன்னும் சொச்சமும். அதாவது உறைபனிக்குள் தினமும் 130க்கு மேல் தரையிறக்கம். குளிரில் இயந்திரம் கிளப்பவே மணிக்கணக்காகச் சூடாக்க வேண்டும். போனது சராசரியாக 100 தொன்னைச் சுற்றித்தான். 1943 ஜனவரி 16இல் பிற்றொம்னிக் ஓடுபாதை விழுந்தது, ஒரு கிழமையில் கும்ராக்கும் விழுந்தது. பிறகு பரசூட் மட்டும். பெப்ரவரி 2இல் எல்லாம் முடிந்தது.

அடுத்த வருடம் நமக்குக் கிட்டவே, பர்மா எல்லையில், கணக்கு மறுபக்கம் திரும்பியது. இம்பாலிலும் அரக்கானிலும் ஜப்பானியர் வழியை அடைத்தபோது, முன்பென்றால் பின்வாங்கியிருக்கக்கூடிய படைகள் நின்ற இடத்தில் நின்றன. டகோட்டா சரக்கு விமானங்கள் மேலேயிருந்து ஊட்டின. அங்கே தட்டுப்பாடு பரசூட்டுக்குத்தான். பட்டும் நைலோனும் வரவில்லை. பிரித்தானியத் தளபதி ஸ்லிம்மின் ஆட்கள் கல்கத்தாவின் சணல் ஆலைகளிடம் போனார்கள். சாக்குத் தைக்கிற அதே சணலில் பரசூட் நெய்வித்தார்கள். எவ்வளவு நெருக்கமாக நெய்தால் காற்றைப் பிடிக்கும், எவ்வளவு விட்டால் ஆடாமல் இறங்கும் என்று போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆளை இறக்க அதை நம்ப முடியாது. அரிசிக்கும் வெடிமருந்துக்கும் போதும். விலையோ பட்டுப் பரசூட்டின் சிறு பங்கு, திரும்பக் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகப் பிடித்த பொருள் இந்தச் சணல் பரசூட்தான். போன விமானங்கள் வெறுமையாகத் திரும்பவும் இல்லை, காயக்காரரை ஏற்றிக்கொண்டு வந்தன.

சோவியத் படை தரைவழியை அடைத்த மேற்கு பெர்லினில் 1948 ஜூனிலிருந்து 1949 செப்ரெம்பர் வரை 23 இலட்சம் தொன் இறங்கியது. அங்கே எதிரி சுடவில்லை, ஓடுபாதையும் இருந்தது. ஆனபடியால் அதை முற்றுகை விமானசேவைகளுக்கு உதாரணமாகக் காட்டுவது சரியில்லை. ஆனாலும் அதை நடத்திய அமெரிக்கத் தளபதி வில்லியம் டனர் செய்த ஒழுங்கு படிக்கத்தக்கது. மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். முதல் முயற்சியில் இறங்க முடியாதவர் சுற்றிச் சுற்றி நிற்கக்கூடாது, சுமையோடு திரும்பிப் போக வேண்டும். விமானிகள் விமானத்தை விட்டு நகரக்கூடாது, சாப்பாட்டு வண்டி அவர்களிடம் வரும். மூன்று தொன் ஏற்றும் டகோட்டாவை விலக்கி, பத்துத் தொன் ஏற்றும் சி-54களை வைத்தார். வரிசையில் இரண்டுக்கும் பிடிக்கிற இடம் ஒன்றுதான். உருளைக்கிழங்கு காய்ந்ததாகப் போனது, இறைச்சி எலும்பு நீக்கிப் போனது. தண்ணீரையும் எலும்பையும் வானத்தில் ஏற்றக் கட்டுபடியாகாது. சுமையில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி.

சகடையைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவ்ரோவும் சீனத் தயாரிப்பான வை-8உம் ஆளும் பொருளும் ஏற்றப் பிறந்தவை. அவற்றிலிருந்து குண்டுகளை உருட்டிவிட்டார்கள். மேலே சொன்ன பொதிக் கணக்கையே பரசூட் இல்லாமல் போட்டுப் பாருங்கள். 1,000 மீற்றரிலிருந்து விட்டது நிலத்துக்கு வர 14 செக்கன். செக்கனுக்கு 90 மீற்றர் பறக்கிற விமானத்திலிருந்து அது 1,200 மீற்றருக்கு மேல் முன்னால் போய் விழும். குண்டு போடுவதற்கென்று செய்த விமானத்தில் இதைக் கணிக்கக் குறிபார்கருவி இருக்கும். சரக்கு விமானத்தில் கையால் தள்ளுகிறார்கள். தள்ளுவது இரண்டு செக்கன் பிந்தினால் 180 மீற்றர் தள்ளிப்போகும். 180 மீற்றர் என்பது யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கையும் பத்து வீடும். குண்டுகள் ஏன் வீடுகளிலும் கோயில்களிலும் விழுந்தன என்று கேட்டால், அந்த முறையில் வேறெங்கும் விழ வைக்கவே முடியாது என்பதுதான் பதில். அது தெரிந்தே பயன்படுத்தினார்கள்.

சுமக்கிற விமானத்தின் பலவீனமும் பலாலியில்தான் வெளிச்சமானது. 1995 ஏப்ரல் 28, 29 என்று அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு அவ்ரோக்கள் விழுத்தப்பட்டன. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, வழி மாறாது, இயந்திரச் சூடு அப்படியே தெரியும். தோளில் வைத்து ஏவுகிற ஏவுகணைக்கு அதைவிட இலகுவான இலக்கு கிடையாது. கடல் பக்கமாகத் தாழ வருவது, ஓடுபாதைக்கு நேர்மேலே வந்து சுருள் சுருளாக இறங்குவது, ஏவுகணையை ஏமாற்றச் சூட்டு வெளிச்சங்களை உதிர்ப்பது எல்லாம் அந்த சில நிமிடங்களுக்கான மருந்துகள்.

இனிப் பார்க்கிற விமானம். உண்மையில் விமானம் படையில் சேர்ந்ததே பார்க்கத்தான், சண்டை பிறகு வந்தது. 1794இல் பிரெஞ்சுக்காரர் புளூரஸ் போர்க்களத்துக்கு மேல் பலூனில் ஆளை ஏற்றினார்கள். 1911 ஒக்டோபர் 23இல் லிபியாவில் இத்தாலியரான கார்லோ பியாற்சா ஒரு பிளேரியோவில் துருக்கிப் படையைப் பார்த்துவந்ததே விமானம் போன முதல் வேவு.

நம் தீவுக்கு இதில் ஒரு பெரிய இடமுண்டு. 1942 ஏப்ரல் 4. காலிக்குக் கிழக்கே கொக்கல நீர்நிலையிலிருந்து கனடாவின் 413ஆவது அணியின் கட்டலினா என்ற, நீரிலிருந்து கிளம்பும் விமானம் ஒன்று விடியமுன் கிளம்பியது. விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான். கட்டலினா வேகமில்லாதது, மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் ஊரும், ஆனால் ஒரு பகல் முழுக்க வானத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் 30 கிலோமீற்றர் கண்ணுக்குத் தெரிந்தால் மணிக்கு 12,000 சதுர கிலோமீற்றர் கடலைத் தேடிவிடலாம். பின்னேரம் திரும்பும் நேரத்தில், தெற்கே வெகுதூரத்தில், அடிவானத்தில் புள்ளிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல் தொகுதி, ஐந்து விமானந்தாங்கிகளோடு. செய்தியை மூன்று தடவை அனுப்ப வேண்டும் என்பது முறை. மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோ விமானங்களின் சூடு றேடியோவை உடைத்தது. கட்டலினா கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டார்கள்.

இரண்டு தடவை முழுதாகப் போன செய்தி போதுமாயிருந்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேறின. ஆனால் மறுநாள் காலை, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் வந்தபோது இரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் நிலத்தில்தான் நின்றன. கடைசிக் கட்டத்து எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. வேவு பார்ப்பதில் இதுதான் திரும்பத் திரும்ப வருகிற தவறு. கண்டவன் கண்டான், சொன்னவன் சொன்னான், கடைசி ஐந்து மைலில் செய்தி நின்றுவிடுகிறது.

படம் எடுக்கிற வேவு வேறு கலை. 1939இல் சிட்னி கொட்டன் துப்பாக்கிகளைக் கழற்றிய ஸ்பிட்பயர் போர்விமானத்தில் கமெராவைப் பூட்டினார். 9,000 மீற்றரில் லென்ஸ் குளிர்ந்து புகார் படிந்துவிடும். இயந்திரத்தின் சூட்டுக் காற்றைக் குழாயில் கொண்டுவந்து லென்ஸில் வீசவிட்டார். படத்தின் அளவை லென்ஸின் குவியத் தூரமும் உயரமும் தீர்மானிக்கும். 36 அங்குல லென்ஸ், 30,000 அடி என்றால் 10,000க்கு 1. பிலிமில் ஒரு மில்லிமீற்றர், நிலத்தில் பத்து மீற்றர். ஒரு லொறி அரை மில்லிமீற்றர் சொச்சம்.

ஒரு இடத்தை இரண்டு படத்தில், இரண்டு கோணத்தில் பிடித்தால்தான் உயரம் தெரியும். அதற்காக அடுத்தடுத்த படங்கள் 60 வீதம் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ஒரு படம் 1,800 மீற்றர் நீளத்தைப் பிடித்தால் 720 மீற்றருக்கு ஒரு தடவை சொடுக்க வேண்டும். செக்கனுக்கு 160 மீற்றர் பறந்தால் நாலரைச் செக்கனுக்கு ஒன்று. பிந்தினால் இடையில் ஒரு கீலம் தட்டையாகிவிடும், வாசிக்கிறவருக்கு அது பாதி குருடு. நிழலும் உதவும். சூரியன் 45 பாகையில் நிற்கும்போது பனையின் நிழல் எவ்வளவோ பனையும் அவ்வளவு. உச்சிவெயிலில் எடுத்த படத்தில் அந்தத் தகவல் செத்துப்போகும். இன்று வண்டு, அதாவது ஆளில்லா வேவு விமானம், மணிக்கணக்காக ஒரே இடத்தில் சுற்றி ஒளிப்படத்தை உடனுக்குடன் அனுப்புகிறது. ஆனாலும் நிழல், தடம், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் என்று வாசிக்கிற முறை மாறவில்லை.

எண்ணெய் கொடுக்கிற விமானங்களுக்கு ஒரு எண் போதும். 1982இல் போக்லந்துக்கு ஒரேயொரு வல்கன் குண்டுவிமானத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர 11 விக்டர் எண்ணெய் விமானங்கள் பறந்தன. அவற்றில் பல எண்ணெய் கொடுத்தது மற்ற விக்டர்களுக்கு.

ஹெலி கடைசியில் வந்தது, வந்ததே பர்மாக் காட்டுக்கு. 1944 ஏப்ரலில் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி, சிக்கோர்ஸ்கி ஆர்-4 ஒன்றில், எதிரிப் பகுதிக்குள் விழுந்த விமானத்தின் விமானியையும் மூன்று காயக்காரரையும் மீட்டார். தடவைக்கு ஒருவர். இரண்டு பேரைக் கொண்டுவந்ததும் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டது; மற்ற இருவரும் மறுநாள் வரை காத்திருந்தார்கள்.

வெக்கையில் காற்று ஐதாகும். 15 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 1.225 கிலோ, 35 பாகையில் 1.146. இறக்கைக்குப் பிடிக்க ஆறு வீதத்துக்கு மேல் குறைவு, இயந்திரம் மூச்சுவிடவும் அவ்வளவு குறைவு. சித்திரை வெயிலில் பலாலியில் நிற்கிற ஹெலிக்கு அது 700 மீற்றர் உயரம், கண்டியை விட மேலே. சுமையைக் குறைக்கத்தான் வேண்டும். குறைத்தால் ஆட்கள் பல தடவையாக வருவார்கள். 1987 ஒக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியப் படையை மி-8கள் பகுதி பகுதியாகத்தான் இறக்கின. நிலத்திலிருந்து சூடு பட்டதும் அடுத்த தடவைகள் வரமுடியவில்லை. அங்கே தனித்துப்போன 30 சீக்கியச் சிப்பாய்களில் உயிர் தப்பியவர் ஒருவர்.

அன்ரனோவ்-32இன் படத்தைப் பார்த்தால் இயந்திரங்கள் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த மாதிரி நிற்கும். அதுவும் இதே வெக்கைக்குத்தான். அதற்கு முன்னோடியான அன்ரனோவ்-26இல் ஒரு இயந்திரம் 2,820 குதிரைவலு. இந்தியாவின் வெயிலுக்கும் இமயமலை ஓடுபாதைகளுக்கும் அது போதாதென்று 5,180 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டினார்கள். அந்த வலுவை இழுக்கப் பெரிய விசிறி வேண்டும், விசிறி நிலத்தில் முட்டாமலிருக்க இயந்திரம் மேலே ஏறியது. ஜூன் 4 பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்த ஐந்தும் அந்தத் திமில்களோடுதான் வந்தன.